அமர்வின் ஒலிப்பதிவை மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

கேள்வி இதுதான்: வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இளம் உளவியலாளராக வேலை செய்கிறீர்கள். உங்கள் வேலையைக் கேட்டுத் திருத்தும் மூத்த உளவியலாளர், அதாவது மேற்பார்வையாளர், சென்னையில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசுகிறீர்கள். ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். இதுவரை ஐந்து பதிவுகள் அனுப்பியாகிவிட்டது. இது சரியா, சட்டம் என்ன சொல்கிறது, நெட்வொர்க் இல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இனி அனுப்ப வேண்டாம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வீடியோ வழியாக நடக்கும் மேற்பார்வையை விட்டுவிடவும் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பயந்துபோய், மேற்பார்வையே இல்லாமல் வேலை செய்யும் பிள்ளைகளை இந்த மலையின் இரு பக்கத்திலும் பார்க்கிறேன். தற்கொலை எண்ணத்தோடு வருபவரைத் தன்னந்தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்று இரவு யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கம் கெட்டுக் கிடப்பது உங்களுக்கும் கேடு, வந்தவருக்கும் கேடு.

நான் கம்பத்தில் இருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளர். இப்போது ஏழு பேருக்கு மேற்பார்வை செய்கிறேன். அவர்களில் ஐந்து பேர் மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில் வேலை செய்கிறார்கள். எல்லோரையும் மாதம் ஒருமுறை நேரில் பார்க்கிறேன். மற்ற வாரங்களில் திரையில்தான். ஆகவே இதை வெளியே நின்று சொல்லவில்லை. இதில் ஒரு தவறும் செய்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பயிற்சியில் இருந்த ஒரு பெண், கம்பத்தில் வீடு, மேலே ஏலத்தோட்டப் பகுதியில் வேலை. காலையில் கம்பம்மெட்டு ஏறும் தொழிலாளர் ஜீப்பில்தான் அவரும் போவார். முந்தைய நாள் அவர் எழுதி அனுப்பிய ஒரு சந்தேகத்துக்கு நான் காலை ஆறரை மணிக்குக் குரல் செய்தியாகப் பதில் அனுப்பினேன். தட்டச்சு செய்யச் சோம்பல். அவர் காதில் புளூடூத் மாட்டிக்கொண்டு, ஜீப்பில் உட்கார்ந்தபடி அதைத் திறந்தார். அவருடைய போன் காதுக் கருவியோடு இணையவில்லை. என்றைக்கோ பாட்டுப் போடுவதற்காக அந்த ஜீப்பின் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள்; அன்று அதுவாகவே போய் அதனோடு ஒட்டிக்கொண்டது. கொண்டை ஊசி வளைவில், பதினொரு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்த ஜீப்பில், என் குரல் கணீரென்று ஒலித்தது: "அந்த இரட்டைக் குழந்தைக்கார அம்மா மறுபடி மாத்திரை விழுங்க நினைத்ததாகச் சொன்னாரே, அதைப் பற்றி..."

எட்டு விநாடி. அதற்குள் நிறுத்திவிட்டார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, தோட்டத்தின் பெயரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜீப் போகும் தோட்டங்களில் இரட்டைக் குழந்தை பெற்றவர் ஒருவர்தான். மதியம் கஞ்சி குடிக்கும் நேரத்துக்குள் செய்தி அவருடைய மாமியாருக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவர் அதன் பிறகு ஆலோசனைக்கு வரவில்லை. அவர் இருந்த நிலையில் அது எவ்வளவு ஆபத்து என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நானும் பயிற்சியாளரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். வாசல்வரை வந்தார். "இனிமேல் யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அங்கன்வாடி ஊழியர் ஒருவர் பல மாதம் பொறுமையாகப் பழகி, அவரை அரசு மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார் என்று பிறகு தெரிந்தது. இன்று உயிரோடு நன்றாக இருக்கிறார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஜிட்டல் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் இருட்டறையில் உட்கார்ந்து கணினியை உடைக்கும் ஒருவன்தான் நினைவுக்கு வருகிறான். எங்கள் விஷயத்தில் யாரும் எதையும் உடைக்கவில்லை. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து செய்திகளை இரு முனைக்கும் இடையே பூட்டித்தான் அனுப்புகிறது. என் குரல் செய்தியும் கம்பத்திலிருந்து அவருடைய போன்வரை பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. வழி பத்திரமாக இருந்தது; போய்ச் சேர்ந்த இடம் பத்திரமாக இல்லை. என் அனுபவத்தில் ரகசியம் கசிவது பெரும்பாலும் அந்த இரண்டு முனைகளில்தான்.

இப்போது உங்கள் ஐந்து பதிவுகளுக்கு வருவோம். ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் தங்கியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் போனில் பதிவுசெய்த செயலியின் கோப்புறையில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பியவை சேரும் கோப்புறையில் ஒன்று. மேற்பார்வையாளரின் போனில் ஒன்று. அவர் தன் அலுவலகக் கணினியிலும் வாட்ஸ்அப்பை இணைத்துவைத்து அங்கே திறந்து கேட்டிருந்தால் அங்கே ஒன்று. உங்கள் இருவரின் வாட்ஸ்அப்பும் இரவில் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ காப்புப் பிரதி எடுக்கிறது என்றால் இன்னும் இரண்டு. அந்தக் காப்புப் பிரதியையும் இருமுனைப் பூட்டுப் போட்டு வைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2021இல் கொண்டுவந்தது; ஆனால் அதை நாமே போய் இயக்க வேண்டும். இயக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக, ஒரு பெண் உங்களை நம்பி, கதவைச் சாத்திவிட்டு, ஒருமுறை சொன்ன சொல் ஆறு இடத்தில் கிடக்கிறது. "அனைவருக்கும் நீக்கு" என்று அழுத்தினால் அரட்டையில் இருப்பது போகும். வேறிடத்தில் சேமித்த நகலும் பழைய காப்புப் பிரதியும் போகாது.

இவ்வளவு தூரம் கவலைப்பட வேண்டுமா என்று தோன்றினால் பின்லாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். வஸ்தாமோ என்பது அங்கே நாடு முழுவதும் கிளைகள் வைத்திருந்த உளசிகிச்சை நிறுவனம். அதன் தரவுத்தளம் சரியான கடவுச்சொல் பாதுகாப்புகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. 2018இல் திருடப்பட்ட ஆவணங்கள் 2020 அக்டோபரில் வெளியே வந்தன. சுமார் 33,000 பேரின் தகவல்கள். அவற்றில் சிகிச்சையாளர்கள் எழுதிய அமர்வுக் குறிப்புகளும் இருந்தன. திருடியவன் முதலில் நிறுவனத்தை மிரட்டினான். பணம் பெயரவில்லை என்றதும் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினான்: 200 யூரோ மதிப்புக்கு பிட்காயின் கொடு, இல்லையென்றால் நீ சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும். நிறுவனம் 2021இல் திவாலானது. 2024இல் குற்றவாளிக்கு நீதிமன்றம் 6 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. வெளியே போன சொற்களைத் திரும்ப அள்ளிவர எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை.

ஆகவே என் அடிப்படை விதி ஒன்றுதான். எந்தச் செயலி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் தகவல் என் கையைவிட்டுப் போக வேண்டுமா என்று கேளுங்கள். போகாத கோப்பு கசியாது.

அப்படியானால் மேற்பார்வையாளர் ஒலிப்பதிவு கேட்பது தவறா? இல்லை, அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அமர்வில் நடந்ததை நாம் நினைவிலிருந்து சொல்லும்போது நமக்குச் சாதகமாகத்தான் சொல்வோம். ஏமாற்றும் எண்ணம் இல்லை. மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. வந்தவர் அழத் தொடங்கியதும் நாம் அவசரமாகப் பேச்சை மாற்றியதை நாமே கவனித்திருக்கமாட்டோம். ஒலிப்பதிவு அதைக் காட்டிவிடும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே அமர்வுகளை ஒலித்தட்டில் பதிவுசெய்து, மாணவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்தார். தொலைவிலிருந்து வழிகாட்டுவதும் புதிதில்லை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1909இல் வெளியிட்ட குட்டி ஹான்ஸ் என்ற சிறுவனின் சிகிச்சை பெரும்பாலும் சிறுவனின் தந்தை எழுதிய குறிப்புகளின் வழியாகத்தான் நடந்தது; ஃப்ராய்ட் அந்தச் சிறுவனைச் சிகிச்சைக்காக நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை.

நான் இப்போது செய்வது இது. என் பயிற்சியாளர்கள் பதிவுசெய்வதற்குப் போனைப் பயன்படுத்துவதில்லை. இணைய வசதியே இல்லாத சிறிய ஒலிப்பதிவுக் கருவி கடைகளில் கிடைக்கிறது, அதில் பதிவுசெய்கிறார்கள். கருவி மேசை டிராயரில் பூட்டப்பட்டிருக்கும், வீட்டுக்குப் போகாது. மேற்பார்வை நாளன்று அதை மடிக்கணினியில் இணைத்து, வீடியோ அழைப்பின்போது திரைப் பகிர்வில், ஒலியையும் பகிரும் வசதியை இயக்கி, எனக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். முழு அமர்வும் இல்லை. அவர்களுக்குச் சிக்கலாகத் தோன்றிய பத்து நிமிடம், நான் கேட்கும் ஐந்து நிமிடம். நான் கேட்கிறேன்; கோப்பு என்னிடம் வருவதில்லை. பேசி முடித்ததும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருவியிலிருந்து அழிக்கிறார்கள். கணினிக்கு நகல் எடுத்திருந்தால் குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறார்கள். பதிவுக்கு வயது அதிகபட்சம் ஏழு நாள் என்று எங்களுக்குள் எழுதிவைத்திருக்கிறோம்.

இதற்கு வேண்டிய மற்ற ஏற்பாடுகள் சாதாரணமானவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் வட்டு முழுவதையும் பூட்டும் வசதியை இயக்குங்கள். விண்டோஸில் அதன் பெயர் பிட்லாக்கர். வீட்டில் தம்பியும் பயன்படுத்தும் கணினி என்றால் உங்களுக்குத் தனிப் பயனர் கணக்கு வேண்டும். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். போன் பழுதானால் கடையில் கொடுப்பதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். கடைக்காரர் கேட்டதும் பூட்டுக் குறியீட்டைச் சொல்லிவிடும் பழக்கம் நம்மில் எல்லோருக்கும் இருக்கிறது. வீடியோ அழைப்புக்குக் காத்திருப்பு அறையும் கடவுக்குறியீடும் வையுங்கள். ஜூமில் இருமுனைப் பூட்டு வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதை இயக்கினால் கிளவுடில் பதிவுசெய்வது தானாக நின்றுவிடும், அது நமக்கு நல்லதே. காதுக் கருவி கம்பி வைத்ததாக இருக்கட்டும். அதற்கான காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

கூட்டத்தில் தானாக வந்து உட்கார்ந்து குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது பரவிவிட்டன. உங்கள் மேற்பார்வையாளரின் அலுவலகக் கணக்கில் அது எப்போதும் இயங்கும்படி இருக்கலாம், அவரே மறந்திருக்கலாம். பங்கேற்பாளர் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் தெரிந்தால் பேச்சைத் தொடங்காதீர்கள். அமர்வுக் குறிப்பை இலவச அரட்டைச் செயலியில் ஒட்டி "இதைச் சுருக்கிக் கொடு" என்று கேட்பதும் அப்படித்தான். யாரென்றே தெரியாத ஒருவரின் கணினியில், எவ்வளவு காலம் என்றே தெரியாமல், அந்தப் பெண்ணின் கதையைக் கொண்டுபோய் வைப்பதாகும்.

இனி, ஜீப்பில் நான் கற்ற இன்னொரு பாடம். இதைப் பெருநகரத்தில் இருக்கும் மேற்பார்வையாளர்களுக்குப் புரியவைப்பது கடினம், அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சென்னையில் "முப்பத்திரண்டு வயதுப் பெண், கணவர் குடிக்கிறார், இரண்டு குழந்தைகள்" என்றால் அது லட்சம் பேரில் ஒருவர். தோட்டத்தில் அப்படி இல்லை. தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனில் நாலைந்து லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை; ஒரு லயத்தில் பத்து வீடு. கங்காணியின் மருமகள், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், மலையாளியைக் கல்யாணம் செய்தவர் என்று எந்த ஒரு அடையாளமும் அங்கே ஆளின் பெயருக்குச் சமம். அதிலும் இந்த எல்லையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேலே இருக்கும் குடும்பங்களுக்குக் கீழே சொந்த ஊர் இருக்கிறது. தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ. சென்னையில் இருக்கும் உங்கள் மேற்பார்வையாளருக்கு அதே ஊரில் உறவுக்காரர்கள் இருக்கலாம். ஒரு வழக்கைப் பேசத் தொடங்குமுன் நான் இப்போது முதலில் கேட்பது: "இவர்களுக்குச் சொந்த ஊர் எந்தப் பக்கம்?" எனக்குத் தெரிந்த ஊர் என்றால் அந்த வழக்கை வேறொரு மூத்தவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

எழுதும்போது ஊர், தோட்டம், தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் சிகிச்சைக்குத் தேவையில்லாததை விட்டுவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். எங்கள் குழுவில் வழக்குகளுக்கு மரங்களின் பெயர் வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் "வியாழன் ஐந்து மணி, பலா பற்றிப் பேச வேண்டும்" என்ற அளவுக்குத்தான் போகும். எந்த மரம் யார் என்பது பயிற்சியாளரின் பூட்டிய நோட்டில் மட்டும் இருக்கும்.

ஒப்புதலைப் பற்றி. உங்களிடம் வருபவருக்கு, அவர் சொல்வதை நீங்கள் இன்னொருவரிடம் பேசுகிறீர்கள் என்பது தெரியுமா? தோட்டத்தில் சூப்பர்வைசர் என்றால் வேலை வாங்குபவர், கணக்குப் பார்ப்பவர். "என் சூப்பர்வைசரிடம் பேசுவேன்" என்று நீங்கள் சொன்னால், நிர்வாகத்திடம் சொல்லப்போகிறீர்கள் என்றே அவர் நினைப்பார். நான் பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாசகம் இது:

"நான் இந்த வேலையைத் தனியாகச் செய்யவில்லை. என்னைவிட அனுபவமுள்ள ஓர் உளவியலாளர் கம்பத்தில் இருக்கிறார். வாரம் ஒருமுறை அவரிடம் என் வேலையைக் காட்டித் திருத்திக்கொள்கிறேன். தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பெயரையும் இடத்தையும் அவரிடம் சொல்லமாட்டேன். சில நாள் நம் பேச்சைப் பதிவுசெய்து அவருக்குக் கொஞ்சம் போட்டுக்காட்ட விரும்புகிறேன், அதன்பின் அழித்துவிடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அதனால் உங்களைப் பார்க்காமல் இருக்கமாட்டேன். இன்று சரி என்று சொல்லிவிட்டு நாளை மாற்றிக்கொண்டாலும் சரிதான்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விழுங்கிவிடாதீர்கள். எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள், ஆனால் முதலில் வாயால் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் உண்டு என்று 24ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சிகிச்சை தருவதற்காக மற்ற மனநலப் பணியாளர்களுக்குத் தகவல் தரலாம் என்று 23இல் ஒரு விலக்கு இருக்கிறது. மேற்பார்வை அதற்குள் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் அந்த விலக்கின் பின்னால் ஒளிந்துகொண்டு ஒப்புதல் வாங்காமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். 25ஆவது பிரிவு, தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. நீங்கள் எழுதும் குறிப்பு ஒருநாள் அவர் கையில் போய்ச் சேரலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. எல்லைக்காரர்களாகிய நமக்கு அதில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பெறும் வசதியை அவருக்குத் தர வேண்டும். இடுக்கியில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கு மலையாளப் படிவத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லும் பழக்கத்துக்கு இது முடிவு கட்ட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் தமிழ்ப் படிவம் இல்லையென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

எந்த மாநிலம் என்ற கேள்வியும் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுசெய்கிறார்கள். அது நாடு முழுவதற்கும் பொது. மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் மனநலச் சட்டப்படி மனநலப் பணியாளராக இயங்க அந்தந்த மாநில மனநல ஆணையத்தின் பதிவேடும் உண்டு. வருபவர் கேரளத்தில் இருக்கிறார், நீங்களும் அங்கே வேலை செய்கிறீர்கள். ஆகவே உங்கள் பதிவு கேரளத்தின் பக்கம் சரியாக இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மேற்பார்வையாளர் சென்னையில் இருப்பதில் தடையில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது, நெருக்கடியில் முடிவெடுப்பது யார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் ரகசியம் செல்லாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் அந்தக் கடமையை எந்த நபருக்கும் வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் வீடியோவில் சொன்ன நொடியில் சென்னையில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அந்தக் கடமை வந்துவிடுகிறது. அவர் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தள்ளினால் நீங்கள் காத்திருக்கக் கூடாது.

நெட்வொர்க். இதை நான் மேற்பார்வையின் ஓரத்து விஷயமாக நினைப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரை, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த நம் தமிழ்க் குடும்பங்களை, கொண்டுபோனபோது, தொலைத்தொடர்பு அறுந்து கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி போனது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த மலையில் மின்சாரமும் டவரும் நம் பேச்சைக் கேட்காது. ஆகவே திட்டத்தை வெயில் காலத்திலேயே போட்டுவைக்க வேண்டும்.

எங்கள் ஏற்பாடு இப்படி. அழைப்பு அறுந்தால் மேற்பார்வையாளர்தான் திரும்ப அழைப்பார். இருவரும் ஒரே நேரத்தில் அழைத்துக்கொண்டே இருக்கும் கூத்து வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வீடியோ வரவில்லை என்றால் குரல் அழைப்பு. அதுவும் இல்லையென்றால், மறுநாள் குறிப்பிட்ட ஒரு மணி. அவசர வழக்கு என்றால் மட்டும் எந்த நேரமும் அழைக்கலாம், நள்ளிரவானாலும். அவரும் எடுக்கவில்லை என்றால் அழைக்க இரண்டாவது மூத்தவர் ஒருவரின் எண் இருக்க வேண்டும். உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கட்டும்: அருகிலுள்ள தாலுகா மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டத்தின் தொடர்பு, இரவில் ஓடும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், கேரளத்தின் திஷா உதவி எண் 1056, 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098. வருபவர் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் போயிருக்கும் நாளுக்கு 104. சென்னையில் இருப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், இரவு பத்து மணிக்கு வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பும் வழி உங்களுக்குத்தான் தெரியும்.

திரையில் பார்ப்பதில் இன்னொரு குறையும் உண்டு. இணைப்பு தடுமாறும்போது வரும் இடைவெளியும் நீங்கள் பேச முடியாமல் திணறும் மௌனமும் மேற்பார்வையாளருக்கு ஒரே மாதிரி தெரியும். என் பயிற்சியாளர் ஒருவர் வாரக்கணக்கில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரில் வந்தபோதுதான் அவர் எவ்வளவு இளைத்திருந்தார் என்று பார்த்தேன். மாதம் ஒருமுறை நேரில் என்ற வழக்கம் அதன்பின் வந்தது. சென்னை உங்களுக்குத் தூரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவரை நேரில் பாருங்கள்.

பெரியவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள். மூத்தவர் கேட்டதை மறுப்பது நமக்குப் பழக்கமில்லை. இப்படி எழுதலாம்: "சார், பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே இடம் சிறியது, குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இனி திரைப் பகிர்வில் உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதுவரை அனுப்பிய ஐந்தையும் இருவரும் அழித்துவிடலாமா? வரும் புதன்கிழமை அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்." நல்ல மேற்பார்வையாளர் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார். கோபப்பட்டால், அவரிடம் உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

புதன்கிழமை அழைப்பில் இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். அரட்டையில் இருப்பது, போனின் கோப்புறைகளில் இருப்பது, கணினியில் இருப்பது, பிறகு கிளவுட் காப்புப் பிரதி. பழைய காப்பை நீக்கிவிட்டு, பூட்டுப் போட்டுப் புதிதாக எடுங்கள். என்ன அழித்தீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

அதன்பின் அந்த ஐந்து பேரிடமும் சொல்ல வேண்டும். ஒப்புதல் வாங்காமல் பதிவை அனுப்பியிருந்தால், அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே, சுற்றிவளைக்காமல்: "உங்கள் பேச்சின் பதிவை உங்களைக் கேட்காமல் என் மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். அது தவறு. இப்போது இருவரும் அழித்துவிட்டோம்." சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சிலர் "பரவாயில்லை" என்பார்கள். ஒருவர் எழுந்து போகலாம். அப்படிப் போனால், அவர் வேறு யாரிடம் போகலாம் என்ற எண்ணைக் கையில் தயாராக வைத்திருங்கள்.